முகமே முதல் சரக்கு

போன மாதம் கலா போன் செய்தாள். நான் வேலை பார்த்த ஜவுளிக் கடையில் சுடிதார் பகுதியில் இன்னும் நிற்கிறவள் அவள். கடையில் பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பெட்டி வைத்திருக்கிறார்களாம். அதில் சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம் என்று மூன்று பொத்தான்கள். கடைக்காரர்கள் நன்றாகக் கவனித்தார்களா என்பதை வாடிக்கையாளர் அமுக்கிக் காட்டிவிட்டுப் போக வேண்டும். முதல் ஞாயிற்றுக்கிழமை, ஒரு அம்மா புடவை எடுத்து முடிக்கிறவரை அவர் குழந்தை அழுகிற முகத்தையே அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. அதை அமுக்கினால் மட்டும்தான் பெட்டி சத்தம் போடுகிறதாம். மறுநாள் காலை எல்லாப் பெண்களையும் வரிசையாக நிற்கவைத்து விசாரணை.

"கொயந்த பட்டன அமுக்குனதுக்கு நாங்க இன்னாக்கா பண்ணுவோம்?" என்றாள் கலா. பிறகு, "கோமதியக்கா கதைய நீ எழுதி வையேன். புதுசா வந்த பொண்ணுங்க சொன்னா நம்ப மாட்டேங்குதுங்க," என்றாள்.

அதனால்தான் எழுதுகிறேன். கோமதியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். கோமதி என்பது அவளே தேர்ந்தெடுத்துக் கொடுத்த பெயர்.

எனக்கு ஊர் பெருநகர் என்கிற கிராமம். நடவு, களை, அறுப்பு என்று குனிந்தே வளர்ந்தவள். கொத்தனார் வேலை செய்த என் வீட்டுக்காரர் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போன பிறகு, உத்திரமேரூரில் இந்தக் கடையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். இனிமேல் நிமிர்ந்து நிற்கிற வேலை என்று சந்தோஷமாக இருந்தது. சும்மா நிமிர்ந்து நிற்பது இவ்வளவு வலிக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

தொழில் சீக்கிரம் படிந்துவிட்டது. புடவையை ஒரே உதறலில் விரிப்பது, முந்தியைத் தோளில் போட்டுக் காட்டுவது, எதையும் எடுக்காமல் போனவரின் முதுகுக்குப் பின்னால் முகம் மாறாமல் மடித்து வைப்பது. கடையின் சட்டங்கள் படியத்தான் நாளானது. வேலை நேரத்தில் உட்காரக் கூடாது. மேஜையில் சாயக் கூடாது. சாப்பாட்டு நேரம் தவிரப் பெண்கள் ஒருவரோடொருவர் பேசக் கூடாது. கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் ஒரு சிவப்பு ஹேங்கரைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். எங்கள் மாடிக்கு அப்படி ஒரே ஒரு ஹேங்கர். அது ஆணியில் இருந்தால் போகலாம். இல்லையென்றால் வேறொருத்தி போயிருக்கிறாள், காத்திருக்க வேண்டும். அவசரமாக ஹேங்கரோடு நடக்கிறவளை வழியில் வாடிக்கையாளர் நிறுத்தி, "இதுல மாட்டியிருந்த டிரஸ் எங்கம்மா?" என்று கேட்பார். நின்று பதில் சொல்ல வேண்டும். இதற்குப் பயந்தே பாதிப் பேர் பகலில் தண்ணீர் குடிப்பதில்லை. நீர்க்கடுப்பு எங்கள் எல்லோருக்கும் வந்து வந்து போகும். சளி மாதிரி அதை யாரும் நோயாகவே கணக்கெடுப்பதில்லை.

இந்தச் சட்டங்களுக்கெல்லாம் காவல் எங்கள் மேனேஜர் தாமோதரன் சார். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் ஒருநாளும் யாரையும் திட்டியதில்லை, குரல் உயர்த்தியதில்லை. வெள்ளைச் சட்டையில் மெதுவாகப் பக்கத்தில் வந்து நிற்பார். எங்கள் எல்லோரையும் மேடம் என்றுதான் கூப்பிடுவார். நான், நீ என்ற பேச்சே அவரிடம் கிடையாது. எல்லாம் "நாம"தான். "நாம இன்னிக்குக் கொஞ்சம் வாடியிருக்கோமே மேடம்." "நாம நேத்து மேஜையில சாஞ்சோமாம்." ஒருமுறை கலா மாதவிலக்கு வலியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, மிகுந்த அக்கறையோடு வந்து, "நமக்கு வயித்து வலின்னு கேள்விப்பட்டேன்," என்றார். கலா, "ஆமா சார், உங்களுக்கும் வலி கீதா?" என்றாள். அவருக்கு அது புரியவில்லை. தலையாட்டிவிட்டுப் போனார்.

ஒருநாள் அவரைச் சென்னையில் ஒரு ஓட்டலில் நடந்த பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார்கள். திரும்பி வரும்போது மனுஷன் கண்ணில் ஒரு ஒளி. சாப்பாட்டு அறைச் சுவரில் 'முகமே முதல் சரக்கு' என்று பெரிதாக எழுதி ஒட்டினார். மாடிப்படிக்குக் கீழே ஆள் உயரக் கண்ணாடி ஒன்றை மாட்டி, அதன் மேல், 'இந்த முகத்திடம் நீங்கள் புடவை வாங்குவீர்களா?' என்று எழுதிவைத்தார். காலையில் ஒவ்வொருத்தியும் அதன் முன் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும். கலா முதல் நாளே, "வாங்க மாட்டேன் சார். எனக்கு இந்தக் கடை விலை கட்டுப்படியாவாது," என்றாள்.

விளக்கேற்றிச் சாமி கும்பிட்டதும் சிரிப்புப் பயிற்சி. பல் தெரிய வேண்டும், ஈறு தெரியக் கூடாது. கண்ணும் சேர்ந்து சிரிக்க வேண்டும். தாமோதரன் சார் விரலால் காற்றில் ஒரு பிறை வரைவார். உடனே நாங்கள் அந்தப் பிறையை முகத்தில் கொண்டுவர வேண்டும். எனக்கு முன்பல் ஒன்று இல்லை. என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நமக்கு மூடின சிரிப்பு போதும் மேடம்," என்று தனிச் சலுகை கொடுத்தார். நாள் முழுக்க அந்தப் பிறையை வரைந்துகொண்டே மாடியைச் சுற்றுவார். ஒரு வாடிக்கையாளர், பாவம், அவருக்குக் கையில் ஏதோ நரம்புக் கோளாறு என்று நினைத்து நல்ல வைத்தியர் ஒருவரின் பெயரைச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சமயத்தில் வந்து சேர்ந்தவள்தான் கோமதி. அவளுக்கும் பெருநகர்தான். ஆனால் அவர்கள் தெரு வேறு, எங்கள் தெரு வேறு. அவளுடைய மாமனார் வீட்டு நிலத்தில் என் அம்மா நாற்று நட்டிருக்கிறாள். பங்கு பிரித்துப் பிரித்து நிலம் சுருங்கி, போட்ட போரிலும் தண்ணீர் வராமல், கோமதியின் வீட்டுக்காரர் மூர்த்தி ஒரு கம்பெனிக்குக் காவலுக்குப் போனார். இவள் கடைக்கு வந்தாள். முதல் சில நாள் சாப்பாட்டு அறையில் என் பக்கத்தில் டப்பாவைத் திறக்கவில்லை. ஆனால் அந்த அறையில் பாதி அட்டைப்பெட்டி, மீதியில் நாங்கள். முதுகோடு முதுகு ஒட்டி நின்றுதான் சாப்பிட முடியும். அங்கே தெரு பார்க்க இடமில்லை. ஒரு வாரத்தில் என் கருவாட்டுக் குழம்பில் அவள் சோறு பிசைந்துகொண்டிருந்தாள்.

அவள் பயந்த சுபாவம். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். நாங்கள் எல்லாம் தாமோதரன் சார் தலை தெரிந்தால் சிரிப்போம், தலை மறைந்தால் முகத்தை இறக்கி வைப்போம். கோமதிக்கு அந்த வித்தை தெரியவில்லை. காலையில் கண்ணாடி முன் மாட்டிக்கொண்ட சிரிப்பைக் கடை மூடுகிறவரை கழற்ற மாட்டாள். அவளுக்குத்தான் 'மாதத்தின் புன்னகை' பரிசு கிடைத்தது. ஒரு எவர்சில்வர் டம்ளர் கொடுத்து, அவள் படத்தைப் பெரிதாக்கிப் பில் போடும் இடத்துக்கு மேலே மாட்டினார்கள். அடுத்த மாதமும் அவளே. அதற்கடுத்த மாதமும் அவளே. வீட்டில் டம்ளர் சேர்ந்துகொண்டே போனது.

அப்போதுதான் கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று சட்டம் வந்தது. செய்தி கேட்ட அன்று நாங்கள் பஸ்ஸில் பாட்டுப் பாடாத குறை. தாமோதரன் சார் சட்டத்தை மதிக்கிறவர். மறு வாரமே அழகான ஸ்டூல்கள் வந்து இறங்கின. மெத்தை வைத்தவை. மேலே சுற்றிய பாலித்தீன் உறையைப் பிரிக்க வேண்டாம் என்றார், அழுக்காகிவிடுமாம். கலா போய் உட்காரப் பார்த்தாள்.

"மேடம், ஸ்டூல் இருக்கணும்னுதான் சட்டம். நாம உக்காரணும்னு கட்டாயம் இல்லையே," என்றார். "வாடிக்கையாளர் நிக்கும்போது நாம உக்காந்தா நல்லாவா இருக்கும்?"

"வாடிக்கையாளர் இல்லாதப்ப?"

"அவங்க எந்த நேரமும் வரலாம்."

ஆனால் வரிசையாகக் காலி ஸ்டூல்கள் கிடப்பது கடைக்கு அழகாக இல்லை. ஆள் வராத கடை மாதிரி தெரிகிறது என்று முதலாளி கீழிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார். அதற்கும் தாமோதரன் சார் வழி கண்டுபிடித்தார். புடவை கட்டி நிற்கவைத்திருக்கும் பொம்மைகளில் முட்டி மடங்குகிறவை சில இருந்தன. அவற்றைக் கொண்டுவந்து ஸ்டூல்களில் உட்காரவைத்தார். அன்று முதல் எங்கள் மாடியில் பொம்மைகள் உட்கார்ந்திருந்தன, நாங்கள் பக்கத்தில் நின்றோம். அவற்றுக்குக் காற்றாடியும் போட்டார்கள், புடவை முந்தி பறந்தால் அழகாக இருக்கும் என்று.

கோமதிக்கு என்னமோ ஆகிறது என்று எனக்கு முதலில் தெரிந்தது பஸ்ஸில். சில்லறை இல்லை என்று கண்டக்டர் கத்துகிறார். இவள் பல் தெரிய, ஈறு தெரியாமல் அவரைப் பார்த்துச் சிரிக்கிறாள். "இன்னாம்மா, நக்கலா?" என்று அவர் இன்னும் கத்தினார். சிரிப்பு அப்படியே இருந்தது. கண்ணில் மட்டும் தண்ணீர்.

மறுநாள் சாப்பாட்டு அறையில் என் காதில் சொன்னாள். "யக்கா, மொகம் எறங்க மாட்டேங்குது."

"எப்டின்னா?"

"வூட்டுக்குப் போனாலும் எறங்கல. அவரு திட்டுனா சிரிக்கிறேன். சின்னவன் உயுந்து முட்டியில ரத்தம், தூக்கறப்ப சிரிச்சுக்கினு இருந்தேன். அவன் என்னைப் பாத்து இன்னும் ஜாஸ்தியா அழுவுறான். தூங்கி எய்ந்தா கன்னம் ரெண்டும் கடுக்குது. சாப்ட முடியல, தூக்கம் வரல. ஆனா கண்ணாடியில பாத்தா சந்தோசமா கீறேன்."

நான் வீட்டிலிருந்து தைலம் கொண்டுவந்து தினமும் மதியம் அவள் கன்னத்தில் தேய்த்துவிட்டேன். தாமோதரன் சார் அந்தப் பளபளப்பைப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கே. இதை நாம எல்லாருமே தடவலாமே," என்றார்.

ஆடித் தள்ளுபடி தொடங்கியது. அந்த மாதம் கடையில் வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும். கூட்டம் மேஜையைத் தள்ளிக்கொண்டு வரும். ஒரே புடவையின் இரண்டு முனையை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நம்மைத் திட்டுவார்கள். அந்த நெரிசல் ஓயும் தறுவாயில், கோமதியின் பெரிய மாமியார், அதாவது மூர்த்தியின் பெரியப்பா மனைவி, தவறிப்போனார். சாவுக்கு ஒருநாள் லீவு கிடைத்தது. கூட வேலை செய்கிறவள் என்ற முறையில் நானும் பகல் பொழுதில் போய், எங்கள் ஆட்கள் வழக்கமாக நிற்கும் இடத்தில், பந்தலுக்கு வெளியே ஒதுங்கி நின்றேன்.

கோமதி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். கைகள் முன்னால் கோத்திருந்தன, முகத்தில் அந்தச் சிரிப்பு. செய்யாறிலிருந்து ஒரு கூட்டம் மாரில் அடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தது.

"வாங்கம்மா, வாங்க," என்றாள் கோமதி. "என்ன பாக்குறீங்க?"

அழுது வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒரு கிழவி மட்டும் குழம்பிப்போய், "பொணத்தைத்தான்," என்றாள்.

"உள்ள போங்கம்மா. நேரா போயி எடது பக்கம்."

இறந்தவரின் பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை வந்தது. தாம்பாளத்தோடு கோமதி அதைக் கையில் வாங்கினாள். யாரும் தடுப்பதற்குள் ஒரே உதறலில் விரித்து, முந்தியைத் தன் தோளில் போட்டு, திரும்பிக் காட்டினாள். "கரையப் பாருங்கம்மா. சாயம் போவாது. வயசானவங்களுக்கு எடுப்பா இருக்கும். வேற கலர் காட்டட்டுமா?"

பறை அடித்தவர் கை நின்றுவிட்டது. அந்த அமைதியில் அவள் கண் பந்தலுக்கு வெளியே நின்ற என் மேல் விழுந்தது. "இன்னாம்மா வெளியவே நின்னுட்டீங்க? உள்ள வாங்க. பாத்தா மட்டும் போதும், வாங்கணும்னு இல்ல," என்று படியிறங்கி வந்து என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். என் தெருவிலிருந்து யாரையும் அந்த வீட்டுக்குள் அதுவரை யாரும் கையைப் பிடித்துக் கூப்பிட்டதில்லை. தடுக்கிற தைரியமும் அப்போது யாருக்கும் இல்லை. நடுவீட்டில், பெரியவர்கள் எல்லாம் பார்க்க, அவள் கையை விடாமல் நின்றேன்.

அன்று மாலையே குடும்பம் கூடிப் பேசியது. மூர்த்தி மறுநாள் எங்கள் தெருவுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னார். சொத்தில் பங்கு வரும் சந்தோஷத்தில் சிரிக்கிறாள் என்றது ஒரு கட்சி. செத்தவளே அவள் மேல் வந்து எல்லோரையும் அழைக்கிறாள், பேயோட்டுகிற இடத்துக்குக் கூட்டிப் போக வேண்டும் என்றது இன்னொரு கட்சி. அதற்கு இறந்தவரின் சொந்தத் தம்பியே எழுந்து, "எங்க அக்கா உயிரோட இருந்தப்பவே ஒருத்தரையும் வான்னு சொன்னதில்ல. செத்தப்புறம் சொல்லுவாளா? இது வேற ஏதோ," என்றாராம். அதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் பேயோட்டுவது என்றே முடிவானது.

மூர்த்தி எங்கள் வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். "யக்கா, நீ கூடவே கீறவ. சொல்லு. அவ மேல எதுனா கீதா?"

"கடைதான் கீது தம்பி," என்றேன். "கவர்மென்ட் ஆஸ்பத்திரில வாரத்துல ஒருநாளு மனசுக்குப் பாக்குற டாக்டரம்மா வராங்க. முட்டி வலிக்கு மாத்திரை வாங்கப் போனப்ப போர்டு பாத்தேன். மொதல்ல அங்க போவோம். பேயி எங்க ஓடிடப் போவுது."

உத்திரமேரூர் அரசு ஆஸ்பத்திரியில் கூட்டமாக இருந்தது. டாக்டரம்மா சின்ன வயசு. காலையிலிருந்து பார்த்துப் பார்த்துக் களைத்திருந்தார். நாங்கள் உள்ளே போனதும் கோமதி கைகளைக் கோத்துக்கொண்டு, "வாங்க மேடம், காட்டன்ல பாக்குறீங்களா, சில்க்கா?" என்றாள்.

மூர்த்தி தலையில் கை வைத்துக்கொண்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இப்ப ஒண்ணும் வேணாம்மா. உக்காருங்க," என்று எதிரிலிருந்த ஸ்டூலைக் காட்டினார்.

"பரவால்ல மேடம்."

"உக்காந்து பேசலாம்மா."

"கஸ்டமர் இருக்கும்போது உக்காரக் கூடாது மேடம்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து, மேஜையைச் சுற்றி வந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டார். நின்றபடியே தூக்கம், சாப்பாடு, பிள்ளைகள் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். கோமதி எல்லாவற்றுக்கும் சிரித்த முகமாக, "நல்லாருக்கு மேடம்," என்றாள். எனக்கு நம்பிக்கை போய்க்கொண்டிருந்தது.

"எத்தனை மணிக்குக் கடை மூடுவாங்க?" என்றார் டாக்டரம்மா.

"கஸ்டமர் போனப்புறம் மேடம்."

"எல்லாரும் போயிட்டாங்க. கடை மூடியாச்சு."

கோமதி மேலே பார்த்தாள். "லைட்டு எரியுதே மேடம்."

டாக்டரம்மா சுவரோரம் போய் விளக்கை அணைத்தார். காற்றாடியையும் நிறுத்தினார். ஜன்னல் கதவைச் சாத்தினார். வெளியே காத்திருந்தவர்கள், "கரண்ட் பூட்ச்சா?" என்று கேட்பது காதில் விழுந்தது. அரை இருட்டில் கோமதி சுற்றிலும் பார்த்தாள். பிறகு தானாகவே அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவள் முகம் இறங்கியது. அப்படி ஒரு முகம் அவளுக்கு இருப்பதையே நான் மறந்துபோயிருந்தேன். கன்னங்கள் தளர்ந்து, வாயோரம் தொங்கி, பத்து வயது கூடின மாதிரி.

"கெணத்தாண்ட போயி நின்னேன் மேடம்," என்றாள். "தண்ணியில என் மொகம் தெரிஞ்சுது. அதுவும் சிரிச்சுக்கினு இருந்துது. பயந்துகினு திரும்பி வந்துட்டேன்."

மூர்த்தி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கோமதி அழ ஆரம்பித்தாள். டாக்டரம்மா அவசரப்படுத்தவில்லை. வெளியில் யாரோ கதவைத் தட்டியபோது, "கடை லீவு," என்று நான்தான் சொன்னேன்.

அவள் அழுது முடித்த பிறகு டாக்டரம்மா மூர்த்திக்கு விளக்கினார். இது பேய் இல்லை, திமிரும் இல்லை, மனச்சோர்வு என்கிற நோய். அதிக நாள் அடக்கி வைத்தது இப்படி வெளிவருகிறது. மாத்திரை உண்டு, குணமாகும், ஆனால் நாளாகும். கிணற்றுப் பக்கம் தனியாக விடக் கூடாது, மறுபடி அப்படித் தோன்றினால் தான் வருகிற நாளுக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று சொன்னார். சில வாரம் ஓய்வு, அதன் பிறகு வேலைக்குப் போனால் உட்கார்ந்து செய்கிற வேலை என்று சீட்டில் எழுதினார். மூர்த்தி அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "பேயோட்டுறவங்களுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டாங்களே யக்கா," என்றார். அந்தப் பேயோட்டலுக்குக் கடைசியில் பெரிய மாமனார் போய் வந்தார். நன்றாக இருந்ததாகச் சொன்னார்.

அந்தச் சீட்டை மூர்த்தியிடம் வாங்கி நான் கடையில் கொடுத்தேன். தாமோதரன் சார் அதை இரண்டு தடவை படித்தார்.

"சிரிச்ச முகமா இருக்கிறது ஒரு வியாதியா மேடம்?"

"நிறுத்த முடியலன்னா வியாதி சார்."

"நம்ம கடைக்கே அது பெருமையாச்சே." உண்மையாகவே அவருக்கு வருத்தம். அவள் லீவில் இருந்த அந்த மாதமும் மாதத்தின் புன்னகை அவளுக்கே கிடைத்தது. சுவரில் படம் சிரித்துக்கொண்டிருந்தது. வீட்டில் அவள் பாயில் சுருண்டு கிடந்தாள். டம்ளரை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில்தான் மாத்திரைக்குத் தண்ணீர் குடித்தாள்.

ஐப்பசி வாக்கில் திரும்பி வந்தாள். பேச்சு மெதுவாகியிருந்தது. சிரிப்பு சுத்தமாக இல்லை. பார்த்தவுடன் தாமோதரன் சார் பிறை வரைந்தார். அவள் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த முகத்தோடு மேஜையில் நிறுத்த முடியாது என்று, பொம்மைகளுக்குப் புடவை மாற்றுகிற வேலைக்கு அவளை ஒதுக்கினார். முதல் நாளே கோமதி ஒரு பொம்மையை ஸ்டூலிலிருந்து இறக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, அந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

"நாம உக்காந்திருக்கோமே மேடம்."

"டாக்டரம்மா எழுதிக் குடுத்துக்கீறாங்க சார்."

"வாடிக்கையாளர் பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"பொம்மைன்னு நெனச்சுக்குவாங்க."

கோமதி இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. மாத்திரை மயக்கத்தில் மனசில் பட்டதைச் சொன்னாள். தாமோதரன் சார் யோசித்தார். "அப்ப சரி. ஆனா நாம ஆடக் கூடாது," என்றார்.

இப்படியாக ஒரு ஒப்பந்தம் ஆனது. புடவை மாற்றுகிற நேரம் போக, கோமதி பொம்மை வரிசையில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். காற்றாடிக் காற்று வேறு. நாங்கள் பொறாமைப்பட்டோம் என்பதே உண்மை.

தீபாவளிக் கூட்டத்தில் ஒரு அம்மா சம்பந்தி வீட்டாரோடு வந்தார். பொம்மை வரிசையில் ஒவ்வொரு புடவையாகத் தொட்டுக்கொண்டே போய், கோமதி கட்டியிருந்த சீருடைப் புடவையில் நின்றுவிட்டார். நீலத்தில் மாம்பழக் கரை. முந்தியை விரலால் தேய்த்தார். கோமதி அசையவில்லை. விலைச் சீட்டைத் தேடி அவள் கையைத் தூக்கினார். கோமதி தூக்கவிட்டாள். கழுத்துக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவியபோது, கோமதி தாழ்ந்த குரலில், "இது யூனிபாரம்மா. விக்கிறதில்ல," என்றாள்.

அந்த அம்மா சத்தம்கூடப் போடவில்லை. இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். சத்தம் போட்டதெல்லாம் சம்பந்தி வீட்டார்தான். சோடா வந்தது. ரொம்ப நாளாக மாடிப்படி ஏறாத முதலாளியும் மூச்சு வாங்க மேலே வந்தார். கரண்ட் பில்லைத் தவிர எதையும் கேட்காத மனுஷர். சுற்றிப் பார்த்தார்.

"நீ ஏம்மா இங்க உக்காந்துகினு கீற?"

"இங்கதான் முதலாளி ஸ்டூலு கீது," என்றாள் கோமதி.

அவர் வரிசையாகப் பொம்மைகளைப் பார்த்தார். "பொம்மைக்கு எதுக்குய்யா ஸ்டூலு?"

"சட்டம் சார்," என்றார் தாமோதரன் சார்.

"பொம்மை நிக்கக் கூடாதுன்றதா சட்டம்?"

"நான்... நான் என்ன நினைச்சேன்னா..." என்றார் தாமோதரன் சார். அவர் வாயிலிருந்து 'நான்' என்ற சொல்லை அன்றுதான் நாங்கள் கேட்டோம்.

எனக்கு முட்டி விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த பொம்மையை இடுப்பில் பிடித்துத் தூக்கிச் சுவரோரம் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பாலித்தீன் உறை சரசரவென்றது. கலா அடுத்ததை இறக்கினாள். பிறகு ஒவ்வொருத்தியாக. முதலாளி எங்களைப் பார்த்தார், நின்றுகொண்டிருந்த பொம்மைகளைப் பார்த்தார். "அந்தக் காத்தாடிய இந்தப் பக்கம் திருப்பி வைய்யா, கரண்டாவது உபயோகமா இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

தரையில் உட்கார்ந்த அம்மா சோடாவை முடித்துவிட்டு, "அந்தப் பொடவ நல்லாதான் கீது. ஒண்ணு கெடைக்குமா?" என்றார். முதலாளி அதையும் விடவில்லை. சீருடைப் புடவையையே விற்பனைக்குப் போட்டார். நன்றாகப் போனது. பொங்கலுக்குள் ஊரில் பாதிப் பேர் அதைக் கட்டிக்கொண்டு கடைக்கு வர ஆரம்பித்தார்கள். வாடிக்கையாளரிடம் வாடிக்கையாளர் விலை கேட்டுச் சண்டையானது. ஒரு பெண்மணியின் பக்கத்தில் தாமோதரன் சார் போய், "நாம சாஞ்சிருக்கோமே மேடம்," என்று சொல்லி அடி வாங்கப் பார்த்தார். அதன் பிறகு சீருடையை மாற்றினார்கள். கொஞ்ச காலத்தில் அவர் காஞ்சிபுரம் பக்கம் ஒரு செருப்புக் கடைக்குப் போய்விட்டார். போகும்போது ஒவ்வொருத்தியிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டு போனார். கெட்ட மனுஷன் இல்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். கூட்ட நாளில் ஸ்டூல் இருந்தும் நின்றோம். சிவப்பு ஹேங்கர் நான் வேலையை விடும்வரை ஆணியில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. கோமதிக்கு நடுவில் மறுபடி மோசமான சில மாதங்கள் வந்தன. மாத்திரையைத் தானே நிறுத்தியதால் வந்தது. மூர்த்தி பேய், பிசாசு என்று மிரட்டாமல், அவளைக் கையோடு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனார். இப்போது குழந்தைகள் துணிப் பகுதியில் இருக்கிறாள். அவள் சிரிப்பது அபூர்வம். சிரித்தால் கீழ்மாடி வரை கேட்கும், ஈறும் தெரியும்.

என் முட்டி இனி முடியாது என்று சொல்லிவிட்டு நான் வேலையிலிருந்து நின்றுகொண்ட நாளில், கடை வாசலில் எல்லோரையும் வைத்துப் படம் எடுத்தார்கள். என்னை நடுவில் உட்காரவைத்து மாலை போட்டார்கள். ஒரு பக்கம் கோமதி, ஒரு பக்கம் கலா, பின்னால் மற்றப் பெண்கள். ஸ்டுடியோக்காரர், "எல்லாரும் கொஞ்சம் சிரிங்கம்மா," என்றார். யாரும் சிரிக்கவில்லை. பேசி வைத்துக்கொள்ளவும் இல்லை. அவர் கேமராவை இறக்கிவிட்டு மறுபடி சொன்னார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவரைப் பார்த்தோம்.

"அப்டியே எடுப்பா," என்றார் முதலாளி.

அந்தப் படம் எங்கள் வீட்டில் மாட்டியிருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் ஏதோ போராட்டத்தில் எடுத்தது என்று நினைக்கிறார்கள். முதலாளி மட்டும் பல் தெரியச் சிரிக்கிறார். கோமதி எனக்குப் பக்கத்தில் புருவத்தைச் சுருக்கி, வாயை இறுக்கிக்கொண்டு நிற்கிறாள். கோபம் எல்லாம் இல்லை. வெயில் கண்ணில் அடித்தது.